வழக்கு நோட்டில் வளர்ந்த வெள்ளரிக்காய்

வருடக் கடைசியில் நோட்டுகளில் மிச்சமிருக்கும் வெள்ளைப் பக்கங்களைக் கிழித்து, தைத்து, ரஃப் நோட்டு ஆக்காத மாணவர் யார்? காகிதம் வீணாகக் கூடாது என்ற அந்த எண்ணம் மிகப் பழையது. ஐசக் நியூட்டன்கூட, இறந்துபோன தன் மாற்றாந்தந்தை இறையியல் குறிப்புகளுக்காக வைத்திருந்த பெரிய நோட்டில் காலியாகக் கிடந்த பக்கங்களில்தான் 1664 முதல் கணிதம் போட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் 'வேஸ்ட் புக்'. காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரிந்த பெயர்தான். அந்தக் கால வணிகர்கள் அன்றாட வரவு செலவை முதலில் கிறுக்கி வைத்த புத்தகம் அது.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு பழைய நோட்டு இருக்கிறது. தோட்டங்களின் கதையைச் சொல்லும் நோட்டு. ஆனால் அதைத் தொடங்கியவர் தோட்டத்துக்காகத் தொடங்கவில்லை.

தாமஸ் ஜெஃபர்சனை அமெரிக்காவின் மூன்றாவது அதிபர் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் ஒரு தீராத தோட்டப் பைத்தியம். 1766 மார்ச்சில் ஒரு பூ மலரத் தொடங்கியதைக் குறித்து ஆரம்பித்த தோட்டக் குறிப்பேட்டை 1824 வரை வைத்திருந்தார். எந்த விதை எந்தத் தேதியில் போட்டது, எப்போது முளைத்தது, எப்போது மேஜைக்கு வந்தது என்று எல்லாம் அதில் இருக்கும். அந்தக் குறிப்பேடு 1944-ல் அச்சாகி உலகப் புகழ் பெற்றுவிட்டது.

இங்கே சொல்ல வருவது அந்தப் புத்தகத்தைப் பற்றி அல்ல. அதே வீட்டில் இருந்த இன்னொரு நோட்டைப் பற்றி.

ஜெஃபர்சன் இளம் வக்கீலாக இருந்தபோது, 1768-69ல் வர்ஜீனியா நீதிமன்றங்களில் நடந்த வழக்குகளை ஒரு நோட்டில் எழுதி வைத்தார். நோட்டு நிறையவில்லை. 1772-ல் அவருக்குத் திருமணம் ஆனது. மனைவி மார்த்தா மீதிப் பக்கங்களை வீட்டுக் கணக்குக்கு எடுத்துக்கொண்டார். எந்தப் பீப்பாய் மாவு திறந்தது, எவ்வளவு பீர் காய்ச்சியது என்றெல்லாம் எழுதினார். பீருக்குக் கசப்பும் மணமும் தருவது ஹாப்ஸ் என்ற கொடியின் பூ. ஒரு பழைய சட்டையைக் கொடுத்து 7 பவுண்டு ஹாப்ஸ் வாங்கியதும் அவர் கணக்கில் இருக்கிறது. 1782-ல் மார்த்தா இறந்தார். கணக்கும் நின்றது.

இருபது வருடங்களுக்கு மேல் கழித்து அந்த நோட்டு மறுபடி திறக்கப்பட்டது. 1805 முதல் 1808 வரை அதில் எழுதியவர் பேத்தி ஆன் கேரி ராண்டால்ஃப். தொடங்கும்போது வயது 14. தாத்தா அப்போது நாட்டின் அதிபர். பேத்தி எழுதியது வீட்டுக்கு வாங்கிய காய்கறி, கோழி, முட்டைக் கணக்கு.

யாரிடமிருந்து வாங்கியது? அங்கேதான் விஷயம் இருக்கிறது. மாண்டிசெல்லோ பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்களிடமிருந்து!

அவர்களுக்கு வாரப்படியாகக் கிடைத்தது சோள மாவும், கொஞ்சம் உப்பிட்ட இறைச்சியும் மீனும்தான். அது போதாமல், மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் தங்கள் குடிசையருகே கிடைத்த துண்டு நிலத்தில் தோட்டம் போட்டார்கள், கோழி வளர்த்தார்கள். உண்டதுபோக மிஞ்சியதை எஜமானர் வீட்டுக்கே விற்றார்கள். ஆன் எழுதிய கணக்கில் இப்படி 43 பேர் வரை வருகிறார்கள். அவர்கள் விற்ற காய்கனிகள் 22 வகை. அதிகம் விற்றது வெள்ளரிக்காய். முட்டைகோஸ், தர்பூசணி, ஹாப்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் உண்டு. ஸ்கொயர் என்பவர் மட்டும் 30 முறை விற்றிருக்கிறார். பனிக்கால டிசம்பரிலும் பிப்ரவரியிலும் உருளைக்கிழங்கு விற்பனைக்கு வந்தது. பக்குவமாகச் சேமித்து வைத்து, வரத்து குறைந்த நேரத்தில் விற்கத் தெரிந்தவர்கள் அவர்கள். ஸ்கொயரின் மருமகன் பேக்வெல் பின்னாளில் 60 பவுண்டு ஹாப்ஸை 20 டாலருக்கு ஜெஃபர்சனிடம் விற்றார். பழைய சட்டைக்கு 7 பவுண்டு எங்கே, பவுண்டுக்கு மூன்றில் ஒரு டாலர் எங்கே!

இதை மட்டும் பார்த்து, 'பரவாயில்லையே, நல்ல எஜமானர்' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எதை விளைவிக்கலாம் என்பதிலும் எஜமானர் கை இருந்தது. அவர்கள் தங்களுக்கென்று புகையிலை பயிரிடுவதை நிறுத்தியதற்காக ஜெஃபர்சன் 1798-ல் மருமகனுக்கு நன்றி சொல்லி எழுதினார். பண்ணையில் விளையும் பொருளையே அவர்களும் விளைவித்தால் எது யாருடையது என்று பிரித்தறிய முடியாதாம். புகழ்பெற்ற அந்த 1000 அடி நீளக் காய்கறித் தோட்டத்துக்காக மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்ததும் இதே ஆண்டுகளில்தான். வெட்டிய கைகளும் அடிமைகளின் கைகளே.

கணக்குப் பாடத்தில் முதல் நாளே சொல்லித்தருவது, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் இரண்டு பக்கம் உண்டு என்பது. இங்கே வாங்கியவர் பக்கம் மட்டுமே எழுத்தில் இருக்கிறது. விற்றவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கும் வாய்ப்பே இல்லை. அவர்கள் எந்த விதை போட்டார்கள், எப்போது முளைத்தது என்று குறிக்கத் தோட்டக் குறிப்பேடு இல்லை. வாங்கிய வீட்டில் காசு கணக்கில் உதைக்கக் கூடாது என்பதற்காக ஒரு சிறுமி எழுதியதால் மட்டுமே அந்தத் தோட்டங்கள் நமக்குத் தெரிகின்றன.

இன்னொரு புத்தகத்திலும் அவர்கள் பெயர் உண்டு. அது ஜெஃபர்சனின் பண்ணைக் கணக்கு. அதில் அவர்கள் விற்பவர்கள் அல்ல, உடைமைகள். தன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தவர் ஜெஃபர்சன். 1826 ஜூலை 4ஆம் தேதி, 1,00,000 டாலருக்கு மேல் கடனோடு இறந்தார். அடுத்த ஜனவரியில் மாண்டிசெல்லோவில் ஏலம் நடந்தது. 130 மனிதர்கள் ஏலப் பட்டியலில் இருந்தார்கள். வெள்ளரிக்காயை விலைக்கு விற்றவர்களின் சமூகத்துக்கே விலை போட்டார்கள்.

அந்த நோட்டு இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. வக்கீல் எழுதிய வழக்குகளைத் தேடி அதைப் புரட்டுபவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். காலியாக விட்ட பக்கங்களில் பிறகு எழுதப்பட்டதுதான் அதன் மதிப்பு. வீட்டுப் பரணில் பழைய கணக்கு நோட்டு ஏதும் கிடந்தால், எடைக்குப் போடும் முன் கடைசிப் பக்கங்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பால்காரர், கீரைக்காரம்மா என்று யார் யாரோ அதில் இருக்கக்கூடும். அவர்களைப் பற்றி வேறெங்கும் ஒரு வரிகூட இல்லாமல் இருக்கலாம்.