செஞ்சிக்கு வந்த விருந்தினர்

விருந்து என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்பது பொருள். முன்பின் அறியாதவராய் நம் வாயிலில் வந்து நிற்பவரே விருந்தினர். உற்றார் உறவினரை உபசரிப்பது கடமை. அறியாதவரை இல்லத்திற்குள் அழைப்பதோ அறம். வள்ளுவர் இதற்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார்.

மத்திய அமெரிக்காவிலுள்ள பெலீஸ் நாட்டின் தென்பகுதியில் மாயா இனத்துச் சிற்றூர்கள் உள்ளன. அங்கே பயணிகள் விடுதியை நாடாமல் ஊர்க் குடும்பங்களோடு தங்குகிறார்கள். அடுப்பருகே அமர்ந்து, அவ்வீட்டார் உண்ணும் மக்காச்சோள ரொட்டியையே உண்கிறார்கள். இதைப் புதிய சுற்றுலா முறை என்று உலகம் வியக்கிறது. ஆயின் அந்நியர் ஒருவர் இன்னோர் இனத்தாரின் கூரையின்கீழ்த் தங்கும்போது எழும் வினாக்கள் பழையவை. நம் செஞ்சி மண்ணே அவற்றைக் கண்டிருக்கிறது.

1597ஆம் ஆண்டு. செஞ்சியை ஆண்டவர் இரண்டாம் கிருஷ்ணப்ப நாயக்கர். இயேசு சபையின் பார்வையாளராக இந்தியா வந்திருந்த போர்ச்சுக்கீசியத் துறவி நிக்கோலாஸ் பிமெந்தா, அவர் நாட்டிற்கு வந்தார். தாம் கண்டவற்றைப் பிமெந்தா மடல்களாக எழுத, அவை ஐரோப்பாவில் அச்சேறின. பட்டுக் கம்பளத்தில் இரு திண்டுகள்மீது சாய்ந்து, முத்தும் மணியும் பதித்த மாலை மார்பில் துலங்க, கூந்தலை உச்சியில் முடிந்து அமர்ந்திருந்த மன்னரின் தோற்றத்தை அவர் நுணுக்கமாக வரைந்துள்ளார்.

மன்னர் அன்போடு வரவேற்று வெற்றிலை அளித்தார். துறவியரோ அதை மெல்லவில்லை. மன்னர் பெரிதும் வியந்தார். தாம்பூலத்தை ஏற்பது உறவை ஏற்பதாகும் என்பது தமிழர் மரபு. ஆயினும் அவர் சினங்கொள்ளவில்லை; பொன்னிழை ஆடைகளைப் பரிசளித்து, தாம் புதிதாக எழுப்பிவந்த நகருக்கு ஒரு குருவைத் தரும்படியும் கேட்டார். பெருந்தன்மை அன்று விருந்தளித்தவரிடமே இருந்தது.

செஞ்சியைக் கண்ட பிமெந்தா, இந்தியாவில் தாம் கண்ட நகரங்களுள் இதுவே பெரியது என்றும், லிஸ்பன் நீங்கலாகப் போர்ச்சுக்கல்லின் எந்நகரையும்விடப் பெரியது என்றும் எழுதினார். கோட்டையின் ஒரு கோபுரத்தில் அவருக்கு உறையுள் அளிக்கப்பட்டது. பாறைகள் பகலெல்லாம் உண்ட வெயிலை இரவில் உமிழும் ஊர் அது. வெப்பம் தாங்காமல் விருந்தினர் அருகிருந்த சோலைக்குச் சென்று தங்கினர். அச்சோலை வேறொரு தெய்வத்திற்கு உரியது என்பதை அவரே குறிப்பிடுகிறார். பிற சமயத் துறவியருக்கு அந்த மரங்கள் நிழல் மறுக்கவில்லை.

மறுநாள் கோட்டையின் உட்பகுதிகளும், பீரங்கிகளும், தெளிந்த நீர்ச்சுனையும் காட்டப்பட்டன. அரசர் பருகும் நீரைத் தோளில் சுமந்துவந்த இரு பெரும் பொற்குடங்களையும் கண்டனர். அதே கோட்டையில்தான் மன்னர் முன்பு தம் சிற்றப்பனால் சிறைவைக்கப்பட்டிருந்தார் என்பதையும், விடுதலை பெற்றபின் அந்தச் சிற்றப்பனின் கண்களைப் பறித்து அதே சிறையில் இட்டார் என்பதையும் பிமெந்தா மறைக்கவில்லை. விருந்தினரிடம் கனிவு காட்டிய கை, சொந்த இரத்தத்திடம் கொடியதாக இருந்தது. நம் இல்லங்களையும் நாம் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது.

பிமெந்தா அரண்மனை விருந்தினராக வந்து சென்றார். அவருக்குப் பின் வந்தோர் தங்கிய விதம் வேறு. 1606இல் மதுரை வந்த தத்துவ போதகர், இராபர்ட் தெ நோபிலி, தமிழ்நாட்டுத் துறவியரின் உடையையும் மரக்கறி உணவையும் தமதாக்கிக் கொண்டார். ஆயினும் அக்கோலத்தில் தாழ்த்தப்பட்ட மக்களோடு வெளிப்படையாகப் பழக இயலவில்லை. அந்தச் சுவரை ஓரளவேனும் கடக்கவே, 1640இல் பல்த்தசார் தா கோஸ்தா பண்டார சுவாமியாரின் கோலத்தை மேற்கொண்டார்.

அவ்வழியில் 1674இல் செஞ்சி நாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவரே நம் தூய அருளானந்தர். பிமெந்தா செஞ்சியைவிடப் பெரியதென ஒப்புக்கொண்ட அதே லிஸ்பன் நகரில் 1647இல் பிறந்தவர் அவர். பொற்குடத்து நீர் அவருக்குக் கிடைக்கவில்லை. சிற்றூர் மக்களின் சோறும் கீரையுமே கிடைத்தன. பின்னர் ஐரோப்பாவிற்கு அனுப்பப்பட்டு லிஸ்பனில் இருந்த நாள்களிலும் அவர் இறைச்சியைத் தொடாமல் மரக்கறி உணவையே உண்டார். விருந்தினராக வந்தவர் வீட்டாராகிவிட்டார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? 1693இல் ஓரியூரில் அவர் சிந்திய குருதி அந்த உறவை முத்திரையிட்டது.

தம் சீடரை ஊர்களுக்கு அனுப்பிய ஆண்டவர், ஏற்றுக்கொள்ளும் வீட்டிலேயே தங்கி, வைப்பதை உண்ணப் பணித்தார் என்பதை லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். கொடுப்பதற்கு முன் பெறக் கற்றுக்கொள் என்பதே அதன் உட்பொருள். பெற்றுக்கொள்ள அறியாதவர் எவருடைய வீட்டிலும் நெடுநாள் தங்க முடியாது.

2025ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம், மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, செஞ்சியும் அவற்றுள் ஒன்றாயிற்று. மராட்டிய மாநிலத்திற்கு வெளியே இடம்பெற்றது இஃதொன்றே. இனி உலகெங்குமிருந்து புதியோர் வருவர். அவர்களை அழைத்து இலை போட நம் ஊர்கள் தயங்கமாட்டா. ஆனால் கடல் கடந்து வந்தவரை நடுவீட்டில் அமர்த்தும் நாம், அடுத்த தெருவில் வாழும் உடன்பிறப்பை இன்னமும் வாயிற்படியிலேயே நிறுத்துகிறோமே! ஒரே பலிபீடத்தில் பங்கு கொள்வோரிடையேயும் இவ்வேற்றுமை நிலவுவதை நாம் அறிவோம். தத்துவ போதகரைத் தடுத்த சுவர் நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் முற்றிலும் இடியவில்லை. செஞ்சி மலைச் சோலை அன்று எவரிடமும் குலமோ சமயமோ கேட்கவில்லை. அந்த நிழலை நம் திண்ணைகளும் தரட்டும்.