சிங்கையும் சிலேடையும்

'சிங்கை' என்றால் இன்று பலருக்கும் நினைவு வருவது சிங்கப்பூர்; யாழ்ப்பாணச் சரித்திரம் கற்றவர்களுக்கோ ஆரியச் சக்கரவர்த்திகளின் தலைநகர். பொதிகையடிவாரத்தில், பாபநாசத்துக்கு அணித்தாகத் தாமிரபரணிக் கரையில் அமைந்த விக்கிரமசிங்கபுரத்துக்கும் அப்பெயர் உரியது என்பதையும், அவ்வூர் நமச்சிவாயக் கவிராயர் பாடிய 'சிங்கைச் சிலேடை வெண்பா' என்னும் பிரபந்தம் உண்டென்பதையும் தமிழபிமானிகளிலும் சிலரே அறிவர்.

பெண்கள் உரலில் மஞ்சள் இடித்து வழிபடும் பாபநாசத்து உலகம்மையின் சந்நிதியிலிருந்து, கவிராயர் இரவில் தாம்பூலம் மென்றபடி பாடிக்கொண்டே ஊர் திரும்புகையில், அம்பிகை பின்தொடர்ந்து கேட்டாளென்றும், அவர் உமிழ்ந்த தம்பலம் அவள் ஆடையில் தெறித்ததென்றும் ஒரு கர்ணபரம்பரைக் கதை வழங்குகிறது. அத்தனை நெருங்கி வந்து கேட்கும் செவி சிலேடைக்கு வேண்டும்.

தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழி, பிரிமொழி என இரண்டாக வகுக்கிறது. கார், பிசானம் என்று இரு போகம் விளையும் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில், வயலைப் பார்த்துக் 'கார்' என்றால் நெல், வானைப் பார்த்துச் சொன்னால் மேகம். சொல் சிதையாமலே பொருள் இரண்டாவதால் இது செம்மொழி. 'பலகை' மரமாகவும், 'பல கை' எனப் பிரிந்து கரங்களாகவும் நிற்பது பிரிமொழி.

விக்கிரமசிங்கபுரத்திலேயே பிறந்து, 1785-இல் காஞ்சிபுரத்தில் சிவபதமடைந்த மாதவச் சிவஞான முனிவர், சங்கரநமச்சிவாயரின் நன்னூல் விருத்தியுரையைத் திருத்திச் செப்பம் செய்தவர். 'எட்டு' என்பது எண்ணாகவும், 'எள் து' எனப் பிரிந்து எள்ளை உண் என்னும் ஏவலாகவும் நிற்பதைப் 'பொதுமொழி' என்று விளக்கும் இலக்கணம் அந்நூலில் உள்ளது. அவர் மாணாக்கரான தொட்டிக்கலைச் சுப்பிரமணிய முனிவரும் கலைசைச் சிலேடை வெண்பா பாடினார்.

இக்கலையை வெறும் சொல் விளையாட்டென்று தள்ளுவோர், அது வளர்ந்த ஏட்டைச் சற்று உற்றுப் பார்க்கவேண்டும். பனையோலையில் மெய்களுக்குப் புள்ளியில்லை, சொற்களுக்கிடையே இடமில்லை, ரகரமும் காலும் ஒரே வடிவம். ஆகவே ஒவ்வொரு வரியையும் பிரித்துப் படிப்பது படிப்பவன் கடமையாயிற்று. இரண்டு விதமாகப் பிரிக்கப் பழகிய அந்தக் கண்ணையும் நாவையும் நம்பியே கவிராயர்கள் பாடினார்கள். அச்சு வந்தபின், எழுத்துக் கோப்பவர் எங்கேனும் ஓரிடத்தில் இடைவெளி விட்டே தீரவேண்டியதாயிற்று. அவர் தேர்ந்த பொருள் மேலே செய்யுளாக நிற்கிறது. மற்றது அடியில், சிறிய எழுத்தில், குறிப்புரையாகக் கிடக்கிறது.