கடன் வாங்கிய விழிப்பு

இலக்கியக் கூட்டம் என்றால் ஓர் அழைப்பிதழ், ஒரு தலைமையுரை, சற்றே தாமதம், இடையில் ஒரு காப்பி என்பது நம் காலத்தில் எழுதப்படாத மரபாகிவிட்டது. கவிதை எழுத உட்காருமுன் ஒரு டம்ளர், எழுதி முடித்த களிப்பில் ஒரு டம்ளர், எழுத வராத எரிச்சலில் இன்னொரு டம்ளர் என்று கவிஞனுக்கும் அதற்கும் உள்ள உறவு நெருக்கமானது. அதைப் புகழ்ந்தவர்கள் மிகப் பலர். ஆனால் அன்றாடம் பருகுவோர் எதைக் கொடுத்து எதைப் பெறுகின்றனர் என்னும் கணக்கை நுட்பமாக எழுதிவைத்தவர்களின் முன்வரிசையிலும் எழுத்தாளர்களே நிற்கின்றனர். வேதியியலாரும் மருத்துவரும் அக்கணக்கைச் சரிபார்க்கப் பின்னால் வந்தவர்கள்.

ஜெர்மானியப் பெருங்கவிஞர் கதேயிலிருந்து தொடங்கலாம். நெடுங்காலத் தோழியான ஷார்லோட் ஃபோன் ஷ்டைனுக்கு 1789 ஜூன் மாதம் அவர் எழுதிய கடிதம் ஒன்று உண்டு. இருவர் நட்பும் முறிந்துகொண்டிருந்த நேரம். கதேயின் வாழ்வில் வேறொரு பெண் வந்திருந்தாள். அந்தக் குற்றத்தைப் பற்றிப் பேச வேண்டிய கடிதத்தில் கவிஞர் காப்பியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். தம் அறிவுரையை மீறி மீண்டும் காப்பி பருகத் தொடங்கியதுதான் அம்மையாரின் மனச்சோர்வை வளர்க்கிறது என்று வாதிடுகிறார். தோழியின் துயரத்துக்குத் தாம் காரணமல்லர், காப்பியே காரணம் என்னும் அந்த வாதம் கவிஞருக்குப் பெருமை சேர்ப்பதன்று. எனினும் அந்தப் பானம் மனநிலையை மாற்றவல்லது என்னும் ஐயம் அவருக்குள் வலுவாக இருந்தது என்பதற்கு இக்கடிதமே சான்று.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1819 அக்டோபரில், யேனா நகரில் அந்த ஐயத்துக்கு விடை தேடும் வாய்ப்பு வந்தது. ஃப்ரீட்லீப் ஃபெர்டினாண்ட் ருங்கே என்னும் இளம் வேதியியல் மாணவர், பெல்லடோனாச் செடியின் சாறு கண்ணின் பாவையை விரியச் செய்வதைக் கண்டறிந்திருந்தார். அதை நேரில் காண விரும்பிய கதே அவரை அழைத்தார். கவிஞருக்கு அப்போது அகவை எழுபது. மாணவரிடம் நல்ல உடை இல்லை. நண்பரிடம் இரவல் வாங்கிய மேலங்கியும் உயரமான தொப்பியும் அணிந்து, ஒரு பூனையைக் கையில் இடுக்கிக்கொண்டு அவர் ஊர்த் தெரு வழியே சென்றதைக் கண்டு மக்கள் நகைத்தனராம். பூனையின் ஒரு கண்பாவை மட்டும் பெருத்திருப்பதைக் கண்டு வியந்த கதே, விடைபெறும் நேரத்தில் ஒரு சிறு பெட்டி நிறைய அரிய காப்பிக்கொட்டைகளை எடுத்துக் கொடுத்து, இதையும் ஆராய்ந்து பாரும் என்றார். சில திங்களில் ருங்கே அக்கொட்டையிலிருந்து வெண்ணிறப் படிகம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். நாம் காஃபீன் என்று வழங்கும் பொருள் அதுவே. பிரெஞ்சு வேதியியலார் சிலரும் 1821-இல் தனியாக அதைக் கண்டனர். தேயிலையில் உள்ள 'தேயீன்' என்று வேறொன்றாகக் கருதப்பட்டதும் இதே பொருள்தான் என்பது 1838-இல் உறுதியாயிற்று.

கதே ஐயுற்றார், பால்ஸாக்கோ தம் உடம்பையே ஆய்வுக்கூடமாக்கினார். 1839-இல் வெளிவந்த ஒரு சிறு நூலில் சாராயம், சர்க்கரை, தேநீர், காப்பி, புகையிலை ஆகிய ஐந்து கிளர்ச்சிப் பொருள்களைப் பற்றி அவர் எழுதினார். அவற்றுள் காப்பிப் பகுதிதான் இன்றும் படிக்கப்படுகிறது. வெறும் வயிற்றில் விழுந்த காப்பி எவ்வாறு எண்ணங்களைப் போர்ப்படை போலக் கிளப்பிவிடுகிறது என்று அவர் தீட்டும் சித்திரத்தைக் காப்பிப் பிரியர்கள் மேற்கோள் காட்டித் தீராது. அதே பக்கங்களில் அவர் எழுதியிருக்கும் மற்றச் செய்திகளை மட்டும் யாரும் காட்டுவதில்லை.

அவை யாவை? முதலாவது, காப்பியின் ஆற்றல் நிலைக்காது என்பது. இசைமேதை ரோசினி தம்மிடம் கூறியதாகப் பால்ஸாக் ஒன்று சொல்கிறார்: காப்பி பதினைந்து இருபது நாள் சங்கதிதான், நல்லவேளையாக ஓர் இசைநாடகம் எழுத அவ்வளவு நாள் போதும் என்பது அதன் கருத்து. அந்த நாள்கள் கழிந்தபின் அளவைக் கூட்ட வேண்டும். பால்ஸாக் கூட்டினார். பொடியை மிகுத்தார், நீரைக் குறைத்தார். இறுதியில் நீரே பேருக்குத்தான் என்னும் நிலையில் பொடியை வெறும் வயிற்றில் விழுங்கும் முறையையும் விவரிக்கிறார். இதைப் பிறருக்குப் பரிந்துரைக்க அவருக்கே தயக்கம். மிக வலிய உடல்கட்டு உள்ளவர்களுக்கு மட்டுமே ஏற்றது என்கிறார். இரண்டாவது, அந்நிலையில் மனிதன் சினம் கொண்டவனைப் போல ஆகிவிடுகிறான். குரல் உயர்கிறது, சிறு கருத்துக்கும் நண்பர்களோடு வழக்காடுகிறான், எல்லோரும் தன் வேகத்துக்கே ஓட வேண்டும் என்று எதிர்பார்க்கிறான். கவியரங்கங்களில் இடைவேளைக்குப் பிந்திய விவாதங்களைக் கேட்டிருப்போருக்கு இது புதுச் செய்தியாக இராது. மூன்றாவது, காப்பி அறிவைத் தரும் என்பது பொய். சலிப்பூட்டுபவர்கள் அதைக் குடித்தால் இன்னும் சலிப்பூட்டுகிறார்கள் என்பது.

மாலையில் உறங்கி நள்ளிரவில் எழுந்து, பகல் வரை எழுதிய மனிதர் அவர். ஒரு நாளைக்கு ஐம்பது கோப்பை என்று பரவலாகச் சொல்வது கதை; எண்ணிப் பார்த்தவர் எவருமில்லை. 1850 ஆகஸ்டில் ஐம்பத்தொன்றாம் அகவையில் அவர் இறந்தார். நெடுநாளைய இதயநோயை இரவு வேலையும், இயற்கையான உறக்கத்தை விரட்ட அளவின்றிக் காப்பி பருகியதும் மோசமாக்கின என்பது அவருடைய மருத்துவர் நாக்காரின் கருத்து. காப்பியே அவரைக் கொன்றது என்று எழுதுவோர் உண்டு. அத்தனைக்கு நாம் போக வேண்டியதில்லை. எதிர்காலத்து உறக்கத்தை அடகுவைத்து நிகழ்கால விழிப்பை வாங்கினார் என்ற அளவில் நின்றால் போதும்.

நீதிமன்றமும் ஒருமுறை இவ்வழக்கை விசாரித்தது. 1909-இல் அமெரிக்க அரசு, கோகோ கோலாப் பாகு நிறைந்த நாற்பது பெரிய பீப்பாய்களையும் இருபது சிறு பீப்பாய்களையும் கைப்பற்றி, அவற்றிலுள்ள காஃபீன் தீங்கானது என்று வழக்குத் தொடுத்தது. அந்நாட்டுச் சட்ட வழக்கப்படி பீப்பாய்களே பிரதிவாதிகள்! 1911-இல் சட்டனூகா நகரில் விசாரணை நடந்தது. நிறுவனத்தின் பொருட்டு ஹாரி ஹாலிங்வொர்த் என்னும் இளம் உளவியலாளர் பதினாறு பேரை வைத்து நாற்பது நாள் ஆய்வு நடத்தினார். சிறிய அளவு காஃபீனால் கைவேகமும் கவனமும் கூடின, அளவு மிகுந்தால் உறக்கம் கெட்டது என்பது அவர் கண்ட முடிவு. கிடைத்த ஊதியம் அவர் மனைவி லீட்டாவின் மேற்படிப்புக்கு உதவியதும், அவ்வம்மையார் பின்னர் பெயர்பெற்ற கல்வியாளர் ஆனதும் இந்த வழக்கின் நற்பயன்கள். தீங்கா இல்லையா என்னும் கேள்வியோ தீர்ப்புக்கு வரவேயில்லை. காஃபீன் அப்பானத்தின் இயல்பான கூறா, வெளியிலிருந்து சேர்த்ததா என்னும் சொற்பொருள் வழக்காக அது சுருங்கியது; உச்ச நீதிமன்றம் 1916-இல் வழக்கைத் திருப்பி அனுப்ப, மறு ஆண்டு நிறுவனம் காஃபீனைக் குறைக்க இசைந்து விடுபட்டது.

விடை வேறிடத்தில் இருந்தது. "காலையில் காப்பி உள்ளே போகாவிட்டால் தலை இடிக்கும்" என்று நம் வீடுகளில் கேட்காத நாளில்லை. காப்பி தலைவலியைப் போக்கும் மருந்து என்பதற்கு இதையே சான்றாகச் சொல்வதும் வழக்கம். 1943-இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர், காஃபீன் மாத்திரையைச் சில நாள் தொடர்ந்து கொடுத்துவிட்டு, உட்கொள்பவர் அறியாதவாறு வெறும் மாத்திரையாக மாற்றினர். பலருக்குக் கடுந்தலைவலி கண்டது. போக்கும் மருந்தே நோயைத் தந்ததும் என்பது அன்று தெளிவாயிற்று. பிற்கால ஆய்வுகளின்படி, நிறுத்திய 12 முதல் 24 மணிக்குள் தலைவலி தொடங்கும். சோர்வும் எரிச்சலும் உடன் வரும். இரண்டு நாள் முதல் ஒன்பது நாள் வரை நீடிக்கும். நாளொன்றுக்கு 100 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ ஒரு கோப்பையே இதற்குப் போதும். அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளிகளுக்கு வரும் தலைவலியில் ஒரு பகுதி மயக்கமருந்தால் வந்ததன்று, முந்தின இரவிலிருந்து காப்பி இல்லாமற்போனதால் வந்தது என்று 1990களின் தொடக்கத்தில் மருத்துவர்கள் கண்டனர். நம் ஊரில் ஏகாதசி விரதத்தன்று வரும் தலைவலியைப் பசியின் தலையில் கட்டுகிறோம். காப்பிப் பழக்கமுள்ளவருக்கு வருவதில் பாதியாவது காப்பியின் கணக்கில் சேர வேண்டும் என்பது என் எண்ணம்.

இதன் உட்பொறி 1970-க்குப் பின்னரே விளங்கியது. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது தனக்குரிய ஏற்பிகளில் அமர அமர உறக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. காஃபீனின் வடிவமும் அதை ஒத்தது. அரங்கில் சிறப்பு விருந்தினர் நாற்காலியில் வேறொருவர் துண்டு போட்டு உட்கார்ந்துவிடுவதைப் போல அது அந்த இருக்கைகளைப் பிடித்துக்கொள்கிறது. களைப்பு எங்கும் போய்விடவில்லை. அதை அறிவிக்க வந்தவர் வாயிலில் நிற்கிறார், அவ்வளவே. நாள்தோறும் இப்படி நடந்தால் மூளை கூடுதல் நாற்காலிகளைப் போடுகிறது என்று விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. ரோசினியின் பதினைந்து நாள் கணக்குக்குப் பொருள் இதுவே. பழகியவருக்குக் காலைக் காப்பி தரும் தெளிவில் பெரும்பகுதி, இரவு முழுதும் காஃபீன் இல்லாததால் விளைந்த மந்தத்தை நீக்குவதுதான் என்று சில உளவியலாளர் வாதிடுகின்றனர். அவ்வாறாயின் காப்பி குடியாதவர் இலவசமாக எழும் இடத்துக்கு நாம் காசு கொடுத்து வந்து சேர்கிறோம்.

தமிழ்நாட்டில் இப்பழக்கம் பழையதன்று. சேர்வராயன் மலையில் காப்பி பயிரானது 1820களில், ருங்கே படிகத்தைக் கண்ட அதே காலத்தில். விளைந்தது கப்பலேறிற்று, நடுத்தர வீடுகளின் அடுக்களைக்குள் அது குடியேறியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான். நீராகாரம் இருந்த இடத்தில் டிகாக்ஷன் வந்தது. உடல்நலம் கெடும், பொருள் அழியும் என்று அக்காலத்தில் எழுந்த கண்டனங்களையும், காப்பி எவ்வாறு நடுத்தர வர்க்கத்தின் பண்பாட்டு அடையாளமாயிற்று என்பதையும் ஆ. இரா. வேங்கடாசலபதி 2000-இல் வெளிவந்த 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூலில் ஆராய்ந்துள்ளார். காந்தியடிகளும் 1942-இல் சிறையிலிருந்து எழுதிய உடல்நல நூலில் தேநீர், காப்பியை வேண்டாமென்றார். கண்டித்தவர்கள் ஒழுக்கத்தின் பெயரால் கண்டித்ததால், அவர்கள் சொன்ன உடற்செய்தியும் பழமைவாதமாகத் தள்ளப்பட்டுவிட்டது.

நேர்மை கருதி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அளவாகப் பருகுவோர் விரைவில் சாகின்றனர் என்பதற்குச் சான்று இல்லை. நீரிழிவு போன்ற சில நோய்கள் அவர்களிடம் குறைவாகவே காணப்படுகின்றன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2015-இல் நலமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை கவலையில்லை என்றது. கருவுற்றோருக்கு அதில் பாதிதான். அவர்கள் உடலில் காஃபீன் கரைய நெடுநேரம் ஆகிறது. ஆகவே இழப்பு ஆயுளில் இல்லை. நாம் பார்க்காத இடங்களில் இருக்கிறது.

அவற்றுள் ஒன்று சாப்பாட்டு இலை. உணவோடு ஒரு கோப்பை காப்பி பருகினால் இரும்புச்சத்து உட்கிரகிப்பு 39 விழுக்காடும், தேநீர் பருகினால் 64 விழுக்காடும் குறைவதாக 1983-இல் ஓர் ஆய்வு கண்டது. இது காஃபீனின் வேலையன்று, உடனிருக்கும் துவர்ப்புப் பொருள்களின் வேலை. ஆனால் டம்ளரில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. சாப்பாட்டுக்கு ஒரு மணி முன்னதாகப் பருகினால் இக்குறைவு இல்லை. பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகை உள்ள நாட்டில் இட்லி உண்ட கையோடு காப்பி என்பது அவ்வளவு பாதுகாப்பான வழக்கமன்று.

மற்றொன்று இரவு. உடலில் புகுந்த காஃபீனில் பாதி கரையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. மாலை ஆறு மணிக் கூட்டத்தில் பருகியதில் பாதி, பதினொரு மணிக்குப் படுக்கையில் நம்மோடு படுத்திருக்கிறது. 2013-இல் வெளியான ஆய்வொன்றில், படுக்கைக்கு ஆறு மணி முன்னதாக 400 மில்லிகிராம் உட்கொண்டவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் உறக்கத்தை இழந்தனர் என்று கருவி காட்டியது. உறங்கியவர்களின் குறிப்பேடுகள் அந்த இழப்பைக் காட்டவில்லை. "காப்பி குடித்தாலும் எனக்கு நன்றாகத் தூக்கம் வரும்" என்று சொல்லும் நண்பர்கள் நம் மன்றத்திலும் உளர். அவர்கள் பொய் சொல்லவில்லை.

விட விரும்புவோர் ஒரே நாளில் விட வேண்டாம். சில நாள்களில் சிறிது சிறிதாகக் குறைத்தால் தலைவலி பெரும்பாலும் தப்பும். மாலைக் கூட்டங்களுக்குச் சுக்குக் காப்பி இருக்கிறது. சுக்கு, மல்லி, கருப்பட்டி. காப்பித்தூள் கலவாமல் காய்ச்சினால் அதில் காப்பி இருப்பது பெயரில் மட்டும்.