பெயர் தந்தவரும் பெயர் இழந்தவரும்

வீட்டில் மீன் வளர்க்கத் தொடங்கும் சிறுவர்களின் கைக்கு முதலில் வருவது பெரும்பாலும் கப்பி மீனே. கொழும்பின் கான்களிலும் அதனைக் கண்டிருக்கிறேன். அது எமது நாட்டு மீன் அல்ல என்பதை மிகவும் பிந்தியே அறிந்துகொண்டேன்.

1836 இல் லண்டனில் பிறந்த ரொபர்ட் ஜோன் லெச்மியர் கப்பி, திரினிடாட் தீவில் பாடசாலைகளைப் பரிசோதிக்கும் அதிகாரியாக இருந்தவர், நாட்டமெல்லாம் நிலவியலில். அவர் அனுப்பிய சிறு மீன்களைப் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் ஆராய்ந்த அல்பேர்ட் குந்தர், புதிய இனமெனக் கருதி, 1866 இல் அவரது பெயரையே சூட்டினார்.

ஆனால், வெனிசுவேலாவிலிருந்து கிடைத்த அதே மீனை வில்ஹெல்ம் பீற்றர்ஸ் என்ற ஜேர்மனியர் 1859 இலேயே விவரித்திருந்தார். விலங்கியலில் முந்தியவர் இட்ட பெயருக்கே உரிமை. ஆகவே விஞ்ஞானப் பெயர் ‘பொயிசிலியா ரெற்றிகுலேற்றா’ என்றாயிற்று. மக்களோ கப்பியை விடவில்லை. செய்தியை முதலில் தந்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் வேறொருவர் என்பதைப் பத்திரிகை அலுவலகத்தில் பலமுறை கண்டவன் நான். பீற்றர்ஸ் மீது எனக்கு அனுதாபம் உண்டு.

நுளம்புக் குடம்பிகளை உண்ணும் என்பதால், 20 ஆம் நூற்றாண்டில் மலேரியாவை ஒழிக்கவென இம்மீனைப் பல நாடுகளில் நீர்நிலைகளில் விட்டனர். அழுக்கு நீரும் உவர்நீரும் அதற்கு ஒரு பொருட்டல்ல. முட்டையிடாது, குஞ்சு ஈனும். விந்தை உடலில் சேமித்து மாதக்கணக்கில் ஈனவும் வல்லது. சினையுற்ற பெண் மீன் ஒன்றே ஓர் ஓடையை நிரப்பப் போதும். நுளம்பு எவ்வளவு குறைந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் உடன்பாடில்லை. உள்ளூர்ச் சிறு மீன்கள் நெருக்கடிக்குள்ளானதோ பல நாடுகளில் பதிவாகியுள்ளது.