கொட்டாவியும் ஓர் அகராதி வரியும்

இந்த எபிசோட் முடியறதுக்குள்ள நீங்க ஒரு தடவையாவது கொட்டாவி விட்டுடுவீங்க. அதுக்கு நான் பேசுற அழகு மட்டும் காரணம் இல்ல. அடுத்தவர் விடுவதைப் பார்த்தால்தான் என்றில்லை, அதைப் பற்றிக் கேட்டாலோ படித்தாலோகூட நமக்கும் வந்துவிடும். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்கிறவர்கள் ஓரமா நிறுத்திட்டுக் கேளுங்க.

இன்றைக்கு எடுத்துக்கொண்டது அகராதியில் ஒரே ஒரு வரி. எந்த ஆங்கில-துருக்கிய அகராதியைத் திறந்தாலும் கொட்டாவிக்கான ஆங்கிலச் சொல் 'யான்' என்று இருக்கும். கம்பராமாயணத்துல வர்ற 'யான்' இல்ல, இது வேற. அதற்கு எதிரே துருக்கியில் 'எஸ்னெமெக்' என்று போட்டிருப்பார்கள். பார்த்தால் கணக்குச் சரியாக இருக்கிறது, இதுக்கு அது. ஆனால் இந்தச் சமன்பாடு மனுஷன் வாயோடு முடிஞ்சு போயிடுது. வாயைத் தாண்டி ஒரு அடி வைத்தால் இரண்டு சொல்லும் ஆளுக்கொரு திசையில் போகின்றன.

முதலில் ஆங்கிலச் சொல். பழைய ஆங்கிலத்தில் இதன் முன்னோர்ச் சொல்லுக்கு வாயை அகலத் திறப்பது என்பதுதான் பொருள். தூக்கம், களைப்பு, சலிப்பெல்லாம் பிற்பாடு முன்னுக்கு வந்தவை. அதனால்தான் ஆங்கிலத்தில் மனிதர்கள் மட்டும் இந்த வேலையைச் செய்வதில்லை. பள்ளத்தாக்கு செய்யும், குகை செய்யும், ஏழைக்கும் பணக்காரனுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி செய்யும். ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்'டில் நள்ளிரவில் இந்த வினைச்சொல்லுக்கு எழுவாயாக வருவது கல்லறைத் தோட்டம். நாம இதைத் தமிழ்ல 'வாய் பிளக்கிறது'ன்னு சொல்லலாம், கொட்டாவின்னு சொன்னா சிரிப்பாங்க.

இந்தச் சொல்லின் வேர் இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் ரொம்ப தூரம் ஓடுகிறது. லத்தீனில் 'இடைவெளி' என்ற பொருளில் வரும் 'ஹையேட்டஸ்' இதே குடும்பம். கிரேக்கத்தின் 'கேயாஸ்' என்ற சொல்லையும் அறிஞர்கள் பெரும்பாலும் இதோடுதான் சேர்க்கிறார்கள். இன்றைக்கு அதற்குக் குழப்பம் என்று பொருள். ஆனால் ஹெஸியட் எழுதிய பழைய கிரேக்கக் காவியத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் தோன்றிய அந்தக் கேயாஸ் ஒரு பிளவு, ஒரு திறந்த வாய். குழப்பம் என்ற அர்த்தம் ரோமானியக் கவிஞர் ஓவிட் காலத்துக்குப் பிறகு ஒட்டிக்கொண்டது. இன்னொண்ணு சொல்லணும். 17-ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்கிற ஃபிளெமிஷ் அறிஞர், மரக்கரியை எரிக்கும்போது வெளிவருகிற ஆவிக்குப் பெயர் வைக்க இந்தக் கேயாஸைத்தான் மனசில் வைத்துக்கொண்டார். அவர் வைத்த பேர் 'கேஸ்'. ஆக உங்க வீட்டு கேஸ் சிலிண்டர் கொட்டாவிக்குத் தூரத்துச் சொந்தம்.

இப்ப இஸ்தான்புல் பக்கம் வருவோம்.

எஸ்னெமெக் என்ற வினைச்சொல்லுக்குத் துருக்கியில் இரண்டு வேலை. ஒன்று, கொட்டாவி விடுவது. இன்னொன்று, வளைந்து கொடுப்பது, இழுத்தால் நீளுவது, அழுத்தினால் அமுங்கித் திரும்ப எழுவது. பழைய செருப்புத் தோல் காலுக்கு ஏற்ப விட்டுக்கொடுத்தால் அது எஸ்னெமெக். மரப்பலகை நடுவில் தாழ்ந்து நிமிர்ந்தால் அதுவும் எஸ்னெமெக். கொட்டாவி விடும்போது தாடை இழுபடும், தோள் விரியும், கைகூடத் தானாக மேலே போகும். ஆங்கிலக்காரன் அதில் திறந்த வாயைப் பார்த்தான். துருக்கிக்காரன் இழுபடுகிற உடம்பைப் பார்த்தான். நாம் எதைப் பார்த்தோமோ, கொட்டாவியை 'விடுகிறோம்', மூச்சு விடுகிற மாதிரி.

1973-ல் திறந்த பாஸ்பரஸ் தொங்குபாலத்தைப் பற்றி ஒரு துருக்கிய இன்ஜினியர் "பாலம் எஸ்னெர்" என்று சொன்னால், பாரத்துக்கும் காற்றுக்கும் அது விட்டுக்கொடுக்கும் என்று அர்த்தம். அகராதி வரியை மட்டும் நம்பி மொழிபெயர்த்தால் பாலம் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும். இதில் சிரிப்பு மட்டும் இல்லை. 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கத்தில் துருக்கியில் மட்டும் 53,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆங்கிலத்தில் பூமி 'யான்' செய்தால் நிலம் பிளந்து ஆளை விழுங்குகிறது என்று பொருள். துருக்கியில் ஒரு கட்டடம் எஸ்னெமெக் செய்தால் அது உடையாமல் ஆடித் தாங்குகிறது என்று பொருள். ஒரே வரியில் எதிரெதிரே அச்சிட்ட இரண்டு சொற்கள்தான் இவை.

அப்ப ஆங்கிலத்தின் அந்தப் பிளவுக்குத் துருக்கியில் என்ன சொல்வார்கள்? 'உச்சுரும்' என்று தனிச்சொல் இருக்கிறது. கிடுகிடு பள்ளம். வருமான ஏற்றத்தாழ்வைப் பற்றித் துருக்கிய பத்திரிகைகள் எழுதும்போது இந்தச் சொல்தான் வரும். அதற்கும் வாய்க்கும் சம்பந்தம் கிடையாது.

இது சொல்லின் இன்றைய நிலை. ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னால் எஸ்னெமெக் தனியாக இல்லை.

ஜேம்ஸ் ரெட்ஹவுஸ் என்று ஒரு இங்கிலாந்துக்காரர். 1811-ல் பிறந்தவர், சின்ன வயதிலேயே அப்பா அம்மாவை இழந்தவர். 1826-ல் சின்னப் பையனாக இஸ்தான்புல்லுக்கு வந்து, உஸ்மானிய அரசாங்கத்திலேயே வேலை பார்த்து, அந்த மொழியிலேயே ஊறிப்போனார். அவருடைய பெரிய துருக்கிய-ஆங்கில அகராதி 1890-ல் வந்தது, 2,200 பக்கத்துக்கு மேல். அதை அவ்வளவு கனமாக்கியது துருக்கிச் சொற்கள் மட்டும் இல்லை. படித்தவர்கள் எழுதிய உஸ்மானிய மொழியில் அரபியும் பாரசீகமும் அணை இல்லாமல் கலந்து ஓடின. எந்த அரபுச் சொல்லும், எந்தப் பாரசீகச் சொல்லும் தேவைப்பட்டால் உள்ளே வரலாம்.

கொட்டாவிக்கும் அப்படித்தான். வீட்டிலும் சந்தையிலும் எஸ்னெமெக். மருத்துவம், மார்க்கம் பேசுகிற எழுத்தில் அரபியின் 'தெஸாவுப்'. தும்மலை இறைவன் விரும்புகிறான், கொட்டாவியை விரும்புவதில்லை, அது ஷைத்தானிடமிருந்து வருகிறது, முடிந்தவரை அடக்குங்கள் என்று ஹதீஸில் இருக்கிறது. அது அரபுச் சொல்லோடுதான் வந்து சேர்ந்தது. கவிதையில் மூன்றாவதாகப் பாரசீகத்தின் 'ஹம்யாஸெ'. மதுவின் போதை இறங்கி, உடம்பு முறித்துக்கொண்டு, இன்னொரு கோப்பைக்கு ஏங்குகிறவனின் கொட்டாவி அது. ஏக்கத்தின் உடல்மொழி என்று சொல்லலாம். எஸ்னெமெக் என்ற வீட்டுச் சொல்லுக்கு அந்த மணம் கிடையாது.

பிறகு வந்தது முஸ்தஃபா கெமால் ஆட்சி. 1928 நவம்பர் 1-ல் லத்தீன் எழுத்துச் சட்டம். 1929 பிறந்ததும் அரபு எழுத்தில் புத்தகம் அச்சிடவே தடை. 1932 ஜூலை 12-ல் மொழிச் சங்கம் ஆரம்பித்து, அரபி, பாரசீகச் சொற்களைக் களையெடுக்கத் தொடங்கினார்கள். தெஸாவுப் போனது, ஹம்யாஸெ போனது. எஸ்னெமெக் நின்றது. நின்றது மட்டுமில்லை, அதற்குப் பதவி உயர்வும் கிடைத்தது. அதுவரை மீள்தன்மைக்கு 'எலாஸ்திகியெத்' என்று ஒரு சொல் இருந்தது, தலை பிரெஞ்சு, வால் அரபி. அதன் இடத்தில் 'எஸ்னெக்லிக்' வந்து உட்கார்ந்தது. இன்றைக்கு இயற்பியல் பாடத்திலும் அதுதான், பொருளாதாரத்தில் விலை ஏறினால் தேவை எவ்வளவு குறையும் என்று பேசும்போதும் அதுதான். 2003-ல் வந்த 4857-ஆம் எண் தொழிலாளர் சட்டத்தோடு 'எஸ்னெக்' வேலைமுறை என்ற பேச்சும் பெரிதானது. முதலாளிகள் அதை வசதி என்றார்கள், தொழிற்சங்கங்கள் வேலைப் பாதுகாப்பு இழுபட்டு அறுந்துபோகும் என்றன.

இந்த மாற்றத்தை நான் எப்படிப் பார்க்கிறேன்னா, எஸ்னெக்லிக் அருமையான சொல். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கேட்டதும் புரியும், ரப்பரும் தெரியும் கொட்டாவியும் தெரியும். நம்மூர்ல கலைச்சொல் ஆக்கத்துல உழைச்சவங்க இதைப் பார்த்துப் பொறாமைப்படலாம். ஆனால் அதற்குக் கொடுத்த விலை சின்னது இல்லை. கெமால் 1927 அக்டோபரில் ஆறு நாள், முப்பத்தாறு மணி நேரம் நிகழ்த்திய புகழ்பெற்ற உரையை அடுத்த தலைமுறை படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. அதைத் துருக்கியிலிருந்து துருக்கிக்கே பெயர்க்க வேண்டியதாயிற்று. சீர்திருத்தத்தை ஆரம்பித்தவரின் பேச்சுக்கே இந்தக் கதி. தாத்தாவின் கடிதத்தைப் பேத்தியால் படிக்க முடியாது, எழுத்தும் தெரியாது, எழுத்து தெரிந்தாலும் பாதிச் சொல் தெரியாது. ஜெஃப்ரி லூயிஸ் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் 1999-ல் இந்த வரலாற்றை எழுதியபோது தலைப்பிலேயே இதைப் பேரழிவான வெற்றி என்றார். எனக்கு அதில் இரண்டு சொல்லுமே சரி என்றுதான் படுகிறது.

துருக்கியில் வீடிழந்த ஹம்யாஸெ வேறொரு ஊரில் சௌக்கியமாக இருக்கிறது. அதே பாரசீகச் சொல் முகலாயர் காலத்து வழக்கில் இந்தியாவுக்கு வந்து உருதுவிலும் இந்தியிலும் 'கமியாஸா' ஆனது. இந்திச் செய்தி பார்க்கிறவர்களுக்குத் தெரியும், தேர்தலில் தோற்ற கட்சி "கமியாஸா அனுபவிக்கிறது" என்பார்கள், செய்த தப்புக்கான பலனை அனுபவிக்கிறது என்று அர்த்தம். போதைக்குப் பின்னால் வருகிற உடல்முறிவு, செய்ததற்குக் கொடுக்கிற விலையாக மாறிவிட்டது. டெல்லி டிவியில் தினம் அதைச் சொல்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது கொட்டாவி என்று தெரியுமோ.

இந்த எபிசோட் இவ்வளவுதான். அடுத்த வாரம் தும்மல் பற்றிப் பேசலாம்னு இருக்கேன், ஹதீஸ்ல அதுக்கு மரியாதை அதிகம்.