பாட்டு யாருடையது? சால்ட்-என்-பெப்பாவும் ‘வெரி நெசசரி’யும்

1993 அக்டோபரில் அமெரிக்காவில் ‘வெரி நெசசரி’ என்றொரு ஆல்பம் வெளிவந்தது. ‘மிக அவசியம்’ என்று பொருள். பாடியவர்கள் சால்ட்-என்-பெப்பா: சால்ட் எனப்படும் செரில் ஜேம்ஸ், பெப்பா எனப்படும் சான்ட்ரா டென்டன், இசைத்தட்டுகளைச் சுழற்றி இசை கூட்டும் டிஜே ஸ்பின்டெரெல்லா எனப்படும் டீட்ரா ரோப்பர். மூவரும் கறுப்பினப் பெண்கள், அப்போது மூவரும் தாய்மார்கள். இது அவர்களுடைய நான்காவது ஆல்பம். அமெரிக்காவில் மட்டும் ஐம்பது லட்சம் பிரதிகளுக்கான சான்றிதழ் பெற்றது.

பெண் தன் ஆசையை, தன் உடலை, தன் தேர்வைக் கூச்சமில்லாமல் பேசிய ஆல்பம் என்று இதைக் கொண்டாடுவார்கள். அது உண்மைதான். ஆனால் பாட்டின் பொருளோடு நிறுத்திக்கொள்ளாமல் மூன்று கேள்விகளை நான் கேட்க விரும்புகிறேன். சொற்களை எழுதியவர் யார்? ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம்? வருமானம் யாரிடம் போனது? ‘என் உடல் என்னுடையது’ என்று பாடிய பெண்ணுக்கு அந்தப் பாட்டாவது சொந்தமாக இருந்ததா என்பதும் பெண்ணிய வரலாற்றின் கேள்விதான்.

கதை நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் தொடங்குகிறது. செரிலும், ஜமைக்காவில் பிறந்த சான்ட்ராவும் அங்கே ஒரே கல்லூரியில் படித்தவர்கள். சியர்ஸ் நிறுவனத்தின் தொலைபேசிப் பிரிவில் சேர்ந்து வேலையும் பார்த்தார்கள். உடன் வேலை பார்த்த ஹர்பி அசோர் இசைத் தயாரிப்பு படித்துக்கொண்டிருந்தார். 1985இல் தன் படிப்புக்காக ஒரு பாடலைப் பதிவு செய்ய வேண்டியிருந்தபோது இவர்கள் இருவரையும் பாட வைத்தார். டக் இ. ஃப்ரெஷ், ஸ்லிக் ரிக் என்ற இரு ஆண் ராப்பர்களின் வெற்றிப் பாடலுக்கு எதிர்ப்பாட்டு அது. ராப் உலகில் பெண்கள் அன்று பெரும்பாலும் இப்படித்தான் உள்ளே வந்தார்கள்: ஆண் பேசிய பேச்சுக்குப் பதில் சொல்பவளாக.

அடுத்த ஆண்டு முதல் ஆல்பம் ‘ஹாட், கூல் அண்ட் விஷஸ்’ வந்தது. ஒரு பாடலின் பின்பக்கத்தில் இடம்பெற்ற ‘புஷ் இட்’, சான் பிரான்சிஸ்கோ டிஜே ஒருவரின் மறுகலவையால் உலகமெங்கும் ஒலித்தது. பெண் ராப்பர்களின் ஆல்பம் ஒன்று பத்து லட்சத்தைத் தாண்டியது அதுவே முதல்முறை. ஆனால் பாட்டை எழுதியவர், இசையமைத்தவர், குழுவை நிர்வகித்தவர் எல்லாம் பெரும்பாலும் அசோர்தான். அவருக்கும் சால்ட்டுக்கும் இடையே காதலும் இருந்தது. சால்ட்டே பின்னாளில் அதைப் பற்றிப் பேசியிருக்கிறார். வேலை, உறவு, ஒப்பந்தம் மூன்றும் ஒரே ஆணின் கையில் இருக்கும்போது கணக்குக் கேட்பது எவ்வளவு கடினம் என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல. குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் உழைக்கும் எந்தப் பெண்ணும் இதைச் சொல்வாள்.

எதிர்ப்பும் அவர்களுக்குப் புதிதல்ல. 1989இல் கிராமி விருதில் முதன்முதலாக ராப் பிரிவு சேர்க்கப்பட்டது. ‘புஷ் இட்’ பரிந்துரைப் பட்டியலில் இருந்தது. ஆனால் அந்த விருதை வழங்குவதைத் தொலைக்காட்சியில் காட்டமாட்டோம் என்றார்கள். சால்ட்-என்-பெப்பா வேறு சில ராப் கலைஞர்களோடு சேர்ந்து விழாவைப் புறக்கணித்தார்கள். வீட்டுக்குள் கேட்பது வேறு, வெளியே கேட்பது வேறு. தம் குழுவுக்குள் எழுதும் உரிமையைப் பெற அவர்களுக்கு மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. 1990இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் ‘எக்ஸ்பிரஷன்’ பாடலைச் சால்ட்டே எழுதித் தயாரித்தார்.

‘வெரி நெசசரி’யின் முதல் வெற்றிப் பாடல் ‘ஷூப்’ அந்த வழியில் வந்தது. எழுதியவர்களிலும் தயாரித்தவர்களிலும் சால்ட்டும் பெப்பாவும் உண்டு. அசோரின் பெயர் அதில் இல்லை. பாட்டில் பெண்கள் ஆணை ஏற இறங்கப் பார்த்து ரசிக்கிறார்கள். சும்மா கிண்டல் பாட்டு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் ஒரு மாதம் கழித்து வந்த ஸ்னூப் டாகின் முதல் ஆல்பத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே பெண் வசவுச் சொல்லாகவே அழைக்கப்படுகிறாள். இத்தகைய பாடல்களை எதிர்த்துச் சி. டெலோரஸ் டக்கர் போன்ற கறுப்பினப் பெண் தலைவர்கள் அப்போது போராடிக்கொண்டிருந்தார்கள். அதே சமயம், கறுப்பின இளைஞர்களைக் குற்றவாளிகளாகவே பார்க்கும் வெள்ளை அரசியலுக்கு அந்த எதிர்ப்பு தீனியாகிவிடுமோ என்ற அச்சமும் பல பெண்களுக்கு இருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவே நின்று இசையை நேசித்தபடியே அதனோடு சண்டை போடும் நிலைக்குத்தான் ஜோன் மோர்கன் 1999இல் ‘ஹிப்ஹாப் பெண்ணியம்’ என்று பெயர் கொடுத்தார். அந்தப் பெயர் வருவதற்கு முன்பே ‘ஷூப்’ அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

என் வாதத்துக்குச் சிக்கல் தருவது இன்னொரு பாடல். ‘நன் ஆஃப் யுவர் பிசினஸ்’. நம் வழக்கில் சொன்னால், ‘உனக்கென்ன வந்தது?’ ஒரு பெண் யாரோடு பழகுகிறாள் என்று விசாரிக்க ஊருக்கு உரிமையில்லை என்பதே பாட்டின் சாரம். ஆல்பத்தின் மிகத் தெளிவான பெண்ணியக் குரல் என்று கருதப்படும் இதை எழுதித் தயாரித்தவர் அசோர். 1995இல் குழுவுக்குக் கிராமி விருது வாங்கித் தந்ததும் இந்தப் பாட்டுதான். அதே இரவில் தனிக்கலைஞருக்கான ராப் விருதைப் பெண்களின் மரியாதைக்காகப் பாடிய குவீன் லத்தீபா பெற்றார். முழுக்கப் பெண்களே கொண்ட ராப் குழு ஒன்று கிராமி வென்றது அதுவே முதல்முறை.

ஆண் எழுதியதால் அந்தப் பாட்டின் அரசியல் பொய்யாகிவிடுமா? ஆகாது என்றே நினைக்கிறேன். அந்தச் சொற்களை மேடையில் நின்று சொன்னவர்கள் அந்தப் பெண்கள். ஊர்ப் பேச்சை வாங்கிக்கொண்டவர்களும் அவர்களே. கேட்ட பெண்களுக்கு அது உதவியிருக்கிறது. ஆனால் ஒரு பாட்டிலிருந்து இரண்டு வழிகளில் பணம் வருகிறது: எழுதியவருக்கு ஒன்று, ஒலிப்பதிவின் உரிமையாளருக்கு ஒன்று. பாடும் துணிவு இந்த இரண்டு பட்டியலிலும் தானாகச் சேர்வதில்லை.

ஆல்பம் முடியும் இடத்தில் பாட்டே இல்லை. பாஸ்டன் நகரின் இளைஞர் நலக்கல்விக் குழு ஒன்று நடித்த சிறு உரையாடல் இருக்கிறது, எய்ட்ஸ் பற்றியது. அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1993 ஜனவரியில்தான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் எய்ட்ஸ் என்பதன் வரையறையை விரித்து, பரவிய கருப்பைவாய்ப் புற்றுநோயையும் சேர்த்தது. அதுவரை எச்.ஐ.வி. தொற்றோடு அந்த நோய் வந்த பெண்கள் எய்ட்ஸ் கணக்கில் வராமலே போக வாய்ப்பிருந்தது. கணக்கில் வராதவர்களுக்கு உதவியும் எளிதில் கிடைக்கவில்லை. வரையறையை மாற்றக் கோரிப் பெண்கள் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. நடனத்துக்காக வாங்கிய ஆல்பத்தின் கடைசியில் இந்த உரையாடலைக் கேட்ட இளம்பெண்களுக்கு அது உபதேசமாக அல்ல, தோழி சொன்ன தகவலாகப் போய்ச் சேர்ந்திருக்கும். தலைப்பின் ‘அவசியம்’ எனக்கு இங்கேதான் மிகவும் பொருந்துகிறது.

இனி உடைமைக்கு வருவோம். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. இளமையில் எழுதிக்கொடுத்த உரிமையை 35 ஆண்டுகள் கழித்துக் கலைஞர் திரும்பப் பெற முயலலாம். அதன்படி 2025 மே மாதம் சால்ட்டும் பெப்பாவும் தங்கள் ஒலிப்பதிவுகளைக் கேட்டு யுனிவர்சல் மியூசிக் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். நிறுவனத்தின் வாதம் கவனிக்கத்தக்கது: 1986இல் உரிமையை மாற்றிக் கொடுத்தது அசோரின் நிறுவனம், இந்தப் பெண்களுக்கு உரிமை எப்போதுமே இருந்ததில்லை, இல்லாததைத் திரும்பக் கேட்க முடியாது. இருபது வயதில் யார் எங்கே கையெழுத்திட்டார்கள் என்பது நாற்பது ஆண்டுகள் கழித்தும் வழியை மறிக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் அவர்களுக்கு ராக் அண்ட் ரோல் புகழ்மன்றத்தில் இடம் கிடைத்தது. கௌரவம் ஒரு கையில் வந்தபோது வழக்கு மறு கையில் இருந்தது.

இந்தக் கதையில் எல்லாத் தவறும் ஆண்கள் பக்கம் என்று முடித்துவிட்டால் வசதியாக இருக்கும். வரலாறு அப்படி இல்லை. பதினாறு வயதில் குழுவில் சேர்ந்த ஸ்பின்டெரெல்லா, 2019இல் தான் குழுவிலிருந்து நீக்கப்பட்டதாக அறிவித்து, வருமானத்தில் தனக்குரிய பங்கு தரப்படவில்லை என்று மற்ற இருவர் மீதும் வழக்குத் தொடுத்தார். குழுவின் பெயரிலேயே அவர் இல்லை என்பதைக் கவனியுங்கள். பங்கு கிடைக்காத வலியை அறிந்தவர்கள் மீதே பங்கு தரவில்லை என்ற புகார் எழுந்தது. சகோதரித்துவம் என்பதற்கும் எழுதப்பட்ட ஒப்பந்தம் தேவை என்பதை இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

மாணவிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பெண்ணின் குரல் என்று கொண்டாடப்படும் எதை ஆய்வுக்கு எடுத்தாலும், வரிகளைப் படிப்பதற்கு முன் உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். எழுதியவர், தயாரித்தவர், உரிமையாளர் என்று சிறிய எழுத்தில் இருக்கும் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ‘வெரி நெசசரி’க்கு அப்படி எழுதினால், பெண்களின் பெயர் சில வரிசைகளில் புதிதாக ஏறியிருப்பதும், மிக முக்கியமான வரிசையில் இன்னும் ஏறாமல் இருப்பதும் தெரியும். 1986இலிருந்து 1993 வரை அவர்கள் கடந்த தூரம் அந்தத் தாளில் இருக்கிறது. கடக்க வேண்டிய மீதித் தூரமும் அதில்தான் இருக்கிறது.