குறித்தல் என்னும் வினை

குறித்தல் என்னும் வினைக்குக் கருதுதல், சுட்டுதல் என்பன பழம்பொருள். காலத்தை வெளிப்படக் காட்டாது குறிப்பாற் காட்டும் வினையைத் தொல்காப்பியனார் வினைக்குறிப்பு என வேறு வைத்து ஓதினார். குறியீடு என்பதும் நூலுட் பொருளுக்கு இட்டு வழங்கும் பெயர் என்றே உரையாசிரியர்பால் நின்றது. ஒரு வடிவத்தை வேறொரு பொருளுக்கு ஈடாக நிறுத்துதல் என்னும் கருத்தில் இச்சொற்கள் பெருக வழங்குதல் பிற்காலத்தது. 'உடுக்கை படைப்பைக் குறிக்கும். தீ அழிப்பைக் குறிக்கும்' என இக்காலத்தார் எழுதுவது இவ்வழக்குப் பற்றியே. இது சித்தாந்த நூலோர் கருத்தொடு பொருந்துமா என்பது ஆராயற்பாலது.

மெய்கண்டதேவர்க்கு மாணாக்கராகிய திருவதிகை மனவாசகங்கடந்தார், 13-ஆம் நூற்றாண்டில் அருளிய உண்மை விளக்கத்தில், ஐந்தொழிலையும் கூத்தப்பெருமான் திருமேனியில் வைத்துக் காட்டினார். படைத்தல் உடுக்கையிலும், காத்தல் அமைத்த கையிலும், அழித்தல் தீயிலும், மறைத்தல் ஊன்றிய திருவடியிலும், அருளல் தூக்கிய திருவடியிலும் உளவாக அவர் கூறினார். அவ்விடத்துக் குறிக்கும் என்னும் வினையை அவர் ஆண்டிலர். ஐந்திடத்தும் ஏழாம் வேற்றுமையே கொண்டார். அவ்வேற்றுமை இடப்பொருட்டு என்பது இலக்கணங் கற்ற சிறாரும் அறிவர். மீன் பாண்டியனைக் குறிக்கும். மீனிற் பாண்டியன் இரான். உடுக்கையோ அத்தகையதன்று; படைப்பு அதன்கண்ணே நிகழ்வது. குறி மட்டுமாயின், பொருள் அறிந்தார்க்கு அதனால் ஆவது யாது? எல்லைக்கல்லைக் கடந்தவன் அதனைத் திரும்பி நோக்கான்.

அற்றேல், இலிங்கம் என்னும் சொற்கே குறி என்பது பொருளன்றோ எனின், அன்றென்பார் இலர். ஆயினும், சிவஞானபோதம் 12-ஆம் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் அரனாகவே கண்டு வழிபடுமாறு விதித்தது. அரனைக் குறிப்பன எனக் கொண்டு வழிபடுக என்றிலது. அன்புடைய அடியாரிடத்து இறைவன் விளங்குதற்கு ஆண்டுக் காட்டப்பட்ட உவமை தயிரில் நெய் என்பது. தயிர் நெய்யைக் குறிக்கும் என்பார் உளரோ!

19-ஆம் நூற்றாண்டிற் பிற சமயத்தார் கல்வழிபாடு என இகழ்ந்தபோது, 'அது வெறும் அடையாளமே' எனக் கூறி ஒதுங்குவாரும் உளராயினர். ஆறுமுகநாவலர் அவ்வாறு ஒதுங்கினாரல்லர். 1854-இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில், இகழ்ந்தாரது விவிலியத்திலிருந்தே ஒப்புடைய கிரியைகளை எடுத்துக் காட்டி மறுத்தார். பின்னர் ஆனந்த குமாரசுவாமி 1912-இல் சித்தாந்த தீபிகையில் எழுதிய சிவநடனக் கட்டுரை, 1918-இல் நியூயார்க்கில் நூலாகவும் வெளிவந்து, உண்மை விளக்கக் கருத்தை உலகறியச் செய்தது. அந்நன்றி பெரிது. அதன்பின் எழுதினார் பலர் உடுக்கைக்கு எதிரே படைப்பு, தீக்கு எதிரே அழிப்பு எனப் பட்டியல் வகுத்து அமைந்தமையே குறை.

தில்லையில் இரகசியத்தின் திரை நீக்கப்படும்பொழுது ஆண்டு உருவம் யாதும் இல்லை. பொன்வில்வ மாலையே தொங்கக் காணப்படும். அம்மாலை வெளியைக் குறிக்கும் எனலாம். அவ்வெளியும் ஆண்டே உளது.